இழுத்த இழுப்புக்கு வரும் ஹெட் ஸ்டட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: அம்பாசடர் 1.5 பெட்ரோல் இன்ஜினுக்கு நீங்கள் அனுப்பிய ஹெட் ஸ்டட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கீழே உள்ள பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் மரைத்தண்டு) செட்

ஐயா,

என்னுடையது 1988 மாடல் அம்பாசடர், 1489 சிசி. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி படிந்திருந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்றார் மெக்கானிக். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் அடிப்பரப்பைச் சமமாக்க ஃபேஸிங் போட்டோம். இத்தனை வருஷம் சூடேறி ஆறிய ஸ்டட்களையே மறுபடி போட மனசு வரவில்லை. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டதால் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. உங்களிடம் ஆர்டர் போட்டேன். பழைய ஸ்டட்டை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவும் அனுப்பினேன்.

முதல் பார்சலில் வந்தது 10 எம்எம் போல்ட், அதுவும் பத்தே பத்து. இந்த இன்ஜினுக்கு வேண்டியது 11 ஸ்டட், 11 நட்டு; அங்குல மரை, தடிமன் மூன்று நூல், அதாவது 9.5 எம்எம். போனில் கேட்டால், "அரை எம்எம்தானே சார், டேப் விட்டு ஏத்திக்கலாம்" என்றார் உங்கள் ஆள். பிளாக்கில் டேப் விட்டு மரையையே புதிதாக வெட்டச் சொல்பவர் இன்ஜினைக் கண்ணால் பார்த்திருப்பாரா? சரி, மாற்றித் தந்தீர்கள், விடுகிறேன்.

இரண்டாவது செட்டில் அளவும் மரையும் சரி, கையாலேயே இறங்கின. புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். கடைசிச் சுற்றில் நடு நட்டுக்கு ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லவே இல்லை. நட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போனது. மெக்கானிக் கையை எடுத்துவிட்டார். கழற்றிப் பழையதோடு நிறுத்திப் பார்த்தால் 2 எம்எம் நீண்டிருக்கிறது. மரை முடிகிற இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறது. பக்கத்து மூன்றும் அதே கதை. ஹெட் ஸ்டட் என்றால் கொஞ்சம் இழுபட்டு, ஸ்பிரிங் போல அந்த விறைப்பிலேயே நின்று ஹெட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுத்த இழுப்புக்கு வருகிற மெத்து இரும்பு எதைப் பிடிக்கும்? விளம்பரத்தில் 'ஹை டென்சைல்' (அதிக இழுவிசை தாங்கும்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஸ்டட்டின் முனையிலோ தரக்குறி ஒன்றுகூட இல்லை.

கடைசியில் பழைய ஸ்டட்களையே அளந்து, மரையைச் சுத்தம் செய்து போட்டோம். பதினொன்றுக்கும் ரெஞ்ச் 'டிக்' என்றது. அப்புறம் என்ன, வண்டி ஓடுகிறது.

செட்டின் விலை ரூ. 2,850. ஒருமுறை அழுந்திய கேஸ்கெட் மறுபடி உதவாது, அதற்கு ரூ. 900. இரண்டாம் முறை ஹெட் ஏற்றிய கூலி ரூ. 2,500. மொத்தம் ரூ. 6,250-ஐ 15 நாளுக்குள் என் கணக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில்லும் போட்டோக்களும் இணைத்திருக்கிறேன். நீண்டுபோன நான்கு ஸ்டட்களும் என்னிடமே இருக்கும். ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்