கல்லறைத் தோட்டத்துச் சுவரும் காலியாகும் ஆலய இருக்கைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவது குறைந்துவிட்டது என்ற கவலை எங்கள் தென் மாவட்டத்துச் சபைகளில், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவின் கூட்டந்தோறும் பேசப்படுகிறது. அதற்கு மருந்தாக எல்.இ.டி. திரை வாங்குகிறார்கள், பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுக்கிறார்கள், ஆராதனையை யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள். இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால், நாற்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவள் என்ற முறையில், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் படித்து இப்போது சென்னையில் பொறியாளராக இருக்கும் ஒருவர் தம் பாட்டியின் அடக்கத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். பலிபீடத்துப் பித்தளைக் குத்துவிளக்கையும் சிலுவையையும் சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கி, பூ வைத்துவிட்டுப் போவார் அந்த அம்மாள். முப்பது ஆண்டுகளில் அவர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஆலயத்தில் ஆராதனை முடிந்து புறப்பட்ட பெட்டி, கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசலைத் தாண்டி, சுவரை ஒட்டியே நடந்து, பின்பக்கத்துச் சிறிய வாசல் வழியாக உள்ளே போயிற்று. அவர்கள் சமூகத்தாருக்கு இடம் அங்கேதான். ‘மண் மண்ணுக்கு’ என்று குருவானவர் சொன்னபோது கையில் அள்ளிய மண்ணைப் போடாமல் சற்று நேரம் நின்ற அந்தப் பிள்ளை, எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லைன்னு எங்களை மனப்பாடம் பண்ண வெச்சது நீங்கதானே?” என்று கேட்டார். கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என்று சொல்லும் வேத வசனம் அது. கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு அவர் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அவரைக் கிட்டார் திரும்ப அழைத்து வரும் என்று நான் நம்பவில்லை.

‘பழைய பழக்கத்தில் கை வைத்தால் சபை உடைந்துவிடும்’ என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நம் திருச்சபையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஆனாலும் சபை அழியவில்லை. வடக்கன்குளத்தில் இரு சாதியாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரித்துக் கட்டப்பட்டிருந்த கத்தோலிக்கக் கோயிலின் தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை சென்றவர்கள் வழக்கில் தோற்றார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இலத்தீன் பூசை தமிழுக்கு மாறியபோது புனிதம் கெட்டுவிடும் என்று வருந்தியவர்கள் உண்டு. இன்று அந்தப் பழைய நிலைக்குத் திரும்ப விரும்புவோர் எத்தனை பேர்?

அதே வரலாற்றில் வெட்கப்பட வேண்டியதும் இருக்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த சாதி மோதலின்போது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால், கொள்கை ஆயர் இல்லத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்து வர இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. சீக்கியருக்கும் பௌத்தருக்கும் பின்னர் கிடைத்த அந்த உரிமையைக் கேட்டு நாமும் ஊர்வலம் போகிறோம், உண்ணாவிரதம் இருக்கிறோம். கோரிக்கை முற்றிலும் நியாயமானது. நானும் பதாகை பிடித்து நடந்திருக்கிறேன். ஆனால் அரசிடம் சமத்துவம் கேட்டுவிட்டு ஊர் திரும்பும் அந்த ஊர்வலம் கடந்து வருவது இரண்டு வாசல் வைத்த நம் கல்லறைச் சுவரைத்தான் என்பதை இளையவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. எங்கள் சேகரத்திலோ, குழு உறுப்பினராக இருந்த காலத்தில் நான் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டபோது, “அம்மா, நீங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியத்தைப் பாருங்க” என்றார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. சபைக்கு ஒரே கல்லறைப் பதிவேடு, ஒரே வாசல், இறப்பின் வரிசைப்படியே இடம். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம், சேகரக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். முன்னோர் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற ஆசையை முன்வைத்துத்தான் இதை மறுக்கிறார்கள். அந்த ஆசையை நான் அறியாதவள் அல்ல. என் கணவர் முன்பகுதியில், தம் பெற்றோருக்குப் பக்கத்தில் உறங்குகிறார். அவருக்கு இடப்புறம் எனக்கென்று ஆறடி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் எனக்கு வேண்டாம் என்றும், நான் இறக்கும் நாளில் சுவருக்குப் பின்புறம் அடுத்து எந்தக் குழி வருகிறதோ அதில் என்னை வைத்துவிடுங்கள் என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். கடிதம் கொடுத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.