கியர் கைப்பிடி பற்றி, மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். ஒக்லாந்து வெஸ்ட்ஹேவன் படகுத்துறையில் கட்டி நிறுத்தியிருக்கும் உன் படகு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கண் போனது உன் தோளுக்கு. கியரை முன்னுக்குத் தள்ளும்போது தோள் மேலே எழும்புகிறது, மற்றக் கையும் உதவிக்கு வருகிறது. திருத்துகிற இடத்தில் கைப்பிடி, கேபிள் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். பொறு. இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே.

அதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தி இங்கே வந்தபோது, சிட்னிப் பக்கம் பிட்வாட்டரில் நிற்கும் என் படகின் கைப்பிடியைப் பிடித்துவிட்டு, "அப்பா, இது சரியான இறுக்கம்" என்றாய். "பழைய படகு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். நீ சொன்னதுதான் சரி. இறுக்கம் ஒரே நாளில் வராது. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் ஏறும், கையும் அதற்கேற்பப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தினம் பிடிக்கிறவனுக்குத் தெரியாது. புதிதாகப் பிடிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

நீ திரும்பிப் போன அடுத்த தை மாதம் கியர் கேபிள் அறுந்தது. பின்னேரம், வடகிழக்குக் கடற்காற்று நன்றாக எழும்பியிருந்தது. படகைக் கட்டும் மிதவையை நோக்கி மெதுவாக வந்து, நியூட்ரலுக்கு இழுத்தேன். கைப்பிடி பாரமே இல்லாமல் கையோடு வந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், கடைசியில் இளகிவிட்டது என்று! படகு வேகம் குறையவில்லை. மேலே கைப்பிடி பின்னுக்கு நிற்கிறது, கீழே கியர் முன்னுக்கே நிற்கிறது. எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தேன். எஞ்சின் நின்றது, ஐந்து தொன் படகு நிற்குமா? பக்கத்துப் படகின் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டுத்தான் நின்றது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையை உனக்குச் சின்ன வயதில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அதே ஊர்க்காரன் ஒரு மிதவையைப் பிடிக்க முடியாமல் நின்ற கதையை மட்டும் சொல்லவில்லை. கம்பிக்குக் காசு கொடுத்தேன், அதோடு முடிந்தது.

சரி, உன் படகுக்கு வருவோம். இறுக்கம் இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: மேலே கைப்பிடிப் பெட்டி, நடுவில் கேபிள், கீழே கியர் பெட்டி. எது என்று தெரியாமல் கேபிளை மாற்றினால் அது சூதாட்டம். எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய். முதலில் கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தி, கியர் விழாமல் ஆக்சிலேட்டரை மட்டும் தள்ளிப் பார். உன்னுடையது ஒற்றைக் கைப்பிடி, அதற்குப் பின்னால் கியருக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று என்று இரண்டு கேபிள்கள் இருக்கின்றன. அப்போதும் இறுக்கமாக இருந்தால் கியர் கேபிளை வீணாகச் சந்தேகிக்காதே.

ஆக்சிலேட்டர் லேசாகப் போனால், ஏணிப்படியை எடுத்துவிட்டு எஞ்சின் பக்கம் இறங்கு. கியர் பெட்டியில் கேபிள் நுனி மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும், காலை வளைத்துப் பூட்டும் சின்னக் கம்பி ஊசி. குறட்டால் அதை நிமிர்த்திக் கழற்றி, கேபிளை விடுவி. இப்போது பெட்டியின் சின்ன நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார். நடுவில் நியூட்ரல் 'டக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அதுவே மாட்டேன் என்றால் வேலை பெட்டிக்குள்ளே. அங்கே நீயும் நானும் கை வைக்கக்கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடு. அது லேசாகப் போய், மேலே கைப்பிடி இன்னும் இறுக்கமாகவே இருந்தால், மேல் நுனியையும் கழற்றிவிட்டுக் கேபிளைத் தனியாக இழுத்துத் தள்ளிப் பார். பத்துக்கு எட்டு கேபிள்தான் என்று நான் நினைக்கிறேன், ஆனாலும் பார்.

என்னுடையதில் கைப்பிடிப் பெட்டி, கேபிள் இரண்டுமே போயிருந்தது. கைப்பிடிப் பெட்டி அலுமினியம், அச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து அச்சை இறுக்கிப் பிடிக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினேன், அசைந்தது. சுத்தியலால் நேரே அடித்தால் வார்ப்பு வெடிக்கும். துடைத்து, கடலுக்கென்று வரும் கிரீஸை நிறையப் பூசி மூடினேன்.

கேபிள் கதை வேறு. அது வளைந்து திரும்பும் இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. உறைக்குள் இருக்கும் உருக்குக் கம்பிகள் கறள் பிடித்து வீங்கி, நடுக்கம்பியை நெரித்துக்கொண்டிருந்தன. முதல் வருஷமே நுனியில் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தேன். ஒரு கிழமை நன்றாக இருந்தது, பிறகு முந்தியதைவிட மோசம். உள்ளே பிளாஸ்டிக் குழாய், உயவு செய்தே வரும். நெரிபட்ட இடத்தில் எந்த எண்ணெயும் உதவாது. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது நான் செய்த முட்டாள்தனத்தை நீ செய்யாதே. பழைய கேபிளை உருவி எடுப்பதற்கு முன் அதன் நுனியில் ஒரு நைலோன் நூலைக் கட்டு. கேபிள் வெளியே வர வர நூல் உள்ளே போகும், புதியதை அதே நூலால் இழுக்கலாம். நான் கட்டவில்லை. டீசல் தாங்கிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையைத் தேடி, தலைகீழாகத் தொங்கி, அரை நாள் போனது. அம்மா வாசலில் நின்று டோர்ச் பிடித்தா, ஒரு வார்த்தை பேசவில்லை. அது பேசினதைவிடக் கஷ்டம்.

நீளம் பெரும்பாலும் பழைய உறையிலேயே அச்சடித்திருக்கும். இந்த அளவுப் படகுகளில் 33சி என்ற கேபிள் வகைதான் வழக்கம், பழையதோடு ஒப்பிட்டு வாங்கு. வளைவு எங்கேயும் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது. என்னுடையது எஞ்சின் புகை போகும் எக்ஸோஸ்ட் குழாயின் வளைவுக்கு ஒட்டி ஒடுங்கித் திரும்பியது, அதனால்தான் அங்கேயே போனது.

பூட்டும்போது மேலே கைப்பிடி நியூட்ரல், கீழே பெட்டியும் நியூட்ரல். கேபிள் நுனியை மாட்டும் பின் ஊசி தானாக ஓட்டைக்குள் விழும்வரை நுனித் துண்டை மரையில் சுழற்று. இழுத்துப் பொருத்தாதே. நுனி மரையில் நன்றாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, பூட்டு நட்டை இறுக்கு. உறையைப் பிடிக்கும் கிளாம்பை மறந்துவிடாதே, அது தளர்ந்தால் கம்பிக்குப் பதிலாக உறைதான் ஓடும். பிறகு ஒருவரை மேலே நிறுத்திக் கியர் போடச் சொல்லி, கீழே நெம்புகோல் இரண்டு பக்கமும் கடைசிவரை போகிறதா என்று நீயே பார். உன் யன்மார் எஞ்சினில் இருக்கும் கேஎம்2பி கியர் பெட்டிக்குள் இருப்பது கூம்பு கிளட்ச். பாதியில் நின்றால் வழுக்கும், தேயும். பாயில் ஓடும்போது கியரை நியூட்ரலில் விடு, ரிவர்ஸில் போட்டு வைக்காதே.

கட்டியிருக்கும்போதே இரண்டு பக்கமும் கியர் போட்டுப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ரங்கிடோட்டோ தீவைச் சுற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்பிளிட் பின் ஒரு சின்னப் பொட்டலம் தபாலில் வருகிறது. ஒக்லாந்தில் கிடைக்காதா என்று கேட்காதே. கழற்றினதைத் திரும்ப மாட்டிவிடுவாய் என்று பயந்துதான் அனுப்பினேன். அம்மா மிளகாய்த்தூளும் வைக்கச் சொன்னா, உங்கள் சுங்கக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அவவுக்குத் தெரியாது.

அடுத்த வீடியோவில் கியர் பெட்டியைக் காட்டு.

அன்புடன்,
அப்பா