35-ஆ 41-ஆ என்று கேட்ட அக்காவுக்கு

ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்குமாக வாரம் இரண்டு முறை போய் வருகிறவன் நான். அதனால்தான் என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு வெளிக் கம்பெனி விண்ட்ஷீல்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். அதை மாட்ட வந்த கிளாம்ப், அதாவது பிடி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஏறவே இல்லை.

கஸ்டமர் கேரில் முதல் மூன்று பேரும் "உங்க மாடலுக்கு இதுதான் சார்" என்று ஒரே பாட்டு. நாலாவதாக எடுத்த அக்காதான், "வண்டி எந்த வருஷம் தம்பி? ஃபோர்க் 35-ஆ 41-ஆ?" என்று கேட்டார். 2022 என்றேன். அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது. பழைய கிளாசிக்கில் ஃபோர்க் 35 மி.மீ., 2021-இல் வந்த புதியதில் 41 மி.மீ. பெயர் ஒன்று, தடிமன் வேறு. நான்காம் நாள் சரியான கிளாம்ப் வீட்டுக்கு வந்தது. காசும் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை. மாட்டும்போது ஃபோனிலேயே கூட இருந்தார். "ரப்பர் வாஷரை விட்டுடாதீங்க. ரொம்ப முறுக்காதீங்க. போல்ட் கழலாம இருக்கப் போடுற பசை வேண்டவே வேண்டாம், விண்ட்ஷீல்டோட பாலிகார்பனேட் பிளாஸ்டிக்ல பட்டா விரிசல் விடும்" என்றார். அந்தப் பசை ட்யூப் அப்போது மூடி திறந்தபடி என் கையில்!

நேற்று ஆரல்வாய்மொழி தாண்டினேன். பக்கக் காற்று வண்டியை ஆட்டத்தான் செய்தது, அதற்கு விண்ட்ஷீல்டு என்ன பண்ணும். நெஞ்சில் அந்தத் தள்ளல் மட்டும் இல்லை. பெயர் கேட்காமல் ஃபோனை வைத்துவிட்டேன் அக்கா. ரொம்ப நன்றி.