ஃபெர்குசனின் பட்ஜெட்டைப் படித்தால்தான் ஃபெர்குசனின் போலீஸ் புரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் போலீஸ் யாரையாவது சுட்டால் நம் பத்திரிகைகளில் இரண்டு நாள் செய்தி வருகிறது. தீப்பற்றி எரியும் கடை, கண்ணீர்ப்புகைக் குண்டு, கையில் அட்டை பிடித்த கூட்டம். அதோடு அந்த ஊரை மறந்துவிடுகிறோம். மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெர்குசனையும் அப்படித்தான் மறந்தோம். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் அங்கே போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வெறும் 21,000 பேர் வாழ்ந்த ஊர் ஏன் மாதக்கணக்கில் கொதித்தது என்பதை அந்த ஒரு சாவை மட்டும் வைத்து விளக்க முடியாது. அதற்கு நகராட்சியின் வரவு செலவுக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

2015 மார்ச் 4 அன்று அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. சுட்ட போலீஸ்காரர் மீது வழக்குத் தொடுக்க ஆதாரம் போதாது என்றது ஒன்று. நம் ஊடகங்கள் பெரும்பாலும் அதைத்தான் எழுதின. இன்னொன்று, ஃபெர்குசன் போலீசும் நகராட்சி நீதிமன்றமும் எப்படி இயங்கின என்பது பற்றியது. 35,000 பக்கங்களுக்கு மேற்பட்ட போலீஸ் ஆவணங்களையும் அதிகாரிகளின் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களையும் படித்து எழுதியது. உள்ளாட்சி பற்றி எழுதுகிற எவரும் இந்த இரண்டாவது அறிக்கையைப் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

முதலில் கணக்கு. 2010 நிதியாண்டில் ஃபெர்குசனின் பொது நிதிக்கு வந்தது 1.107 கோடி டாலர். அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13.8 லட்சம், அதாவது எட்டில் ஒரு பங்கு. 2015 நிதியாண்டின் பட்ஜெட்டில் மொத்த வரவு 1.326 கோடி; அதில் அபராதத்திலிருந்து வரும் என்று எழுதி வைத்த தொகை 30.9 லட்சம். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டுகளில் ஊரில் குற்றம் இரண்டு மடங்காகப் பெருகிவிடவில்லை. அபராதம்தான் பெருகியது. அதைவிட முக்கியம், அடுத்த ஆண்டு மக்கள் எவ்வளவு தப்பு செய்வார்கள் என்று ஆண்டு தொடங்கும் முன்பே கணக்கெழுதி, அந்தப் பணத்தை நம்பிச் செலவையும் திட்டமிட்டார்கள்.

இந்த நிலைமை வந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நகராட்சிகள் பெரிதும் விற்பனை வரியை நம்பி ஓடுகின்றன. கடைகளில் வியாபாரம் படுத்தால் வரவும் படுத்துவிடும். வரியை உயர்த்தவும் நகர மன்றத்தால் தன் இஷ்டத்துக்கு முடியாது. 1980இல் மிசௌரி அரசியல் சட்டத்தில் சேர்த்த திருத்தத்தின்படி வாக்காளர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அபராதத்தைக் கூட்டுவதற்கு அப்படி யார் ஒப்புதலும் தேவையில்லை. செயின்ட் லூயிஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) மட்டும் அப்போது சுமார் 90 குட்டி நகராட்சிகள், 80க்கும் மேற்பட்ட நகராட்சி நீதிமன்றங்கள். பத்து நிமிடம் கார் ஓட்டினால் நாலைந்து ஊர்களின் எல்லையைத் தாண்டிவிடலாம். ஒவ்வொரு எல்லைக்கும் தனிப் போலீஸ், தனி ரசீதுப் புத்தகம்.

2010 மார்ச்சில் ஃபெர்குசனின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். விற்பனை வரியில் பெரிய துண்டு விழப்போகிறது, ஆண்டு முடிவதற்குள் டிக்கெட் (போலீஸ் எழுதித் தரும் அபராதச் சீட்டு) எழுதுவது நன்றாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்பது அதன் சாரம். 2013இல் அவரே நகர மேலாளருக்கு, அதாவது நகராட்சியின் தலைமை நிர்வாகிக்கு, எழுதியதில், வசூலைப் பத்து சதவீதம் கூட்ட முடியுமா என்று போலீஸ் தலைவரிடம் கேட்டதாகவும், முயன்று பார்ப்பதாக அவர் சொன்னதாகவும் இருக்கிறது. ரோந்து போகிற போலீஸ்காரர் வரை இந்த அழுத்தம் இறங்கியது. ஒருவரை ஒருமுறை நிறுத்தினால் மூன்று நான்கு குற்றச்சாட்டு எழுதுவது சர்வசாதாரணமானது. ஒரே நிறுத்தத்தில் பதினான்கு எழுதியதும் பதிவாகியிருக்கிறது.

2012 கோடையில் நடந்தது இது. கூடைப்பந்து ஆடி முடித்த 32 வயது கறுப்பினத்தவர் ஒருவர், பூங்கா ஓரம் நிறுத்தியிருந்த தன் காரில் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்து விசாரித்தார். காரைச் சோதனையிடச் சம்மதம் கேட்டபோது, தன் அரசியல் சட்ட உரிமையைச் சொல்லி அவர் மறுத்தார். உடனே கைது. எட்டுக் குற்றச்சாட்டுகள். நின்றிருந்த காரில் சீட் பெல்ட் போடவில்லை என்பது ஒன்று. ‘மைக்கேல்’ என்ற முழுப் பெயருக்குப் பதில் ‘மைக்’ என்று சொன்னதற்காகப் பொய்த் தகவல் தந்ததாக இன்னொன்று. பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த, மத்திய அரசு ஒப்பந்த வேலை இந்த வழக்குகளால் போயிற்று.

எழுதிய டிக்கெட் பிறகு போய்ச் சேருகிற இடம் நகராட்சி நீதிமன்றம். பெயர்தான் நீதிமன்றம், அதன் எழுத்தர் போலீஸ் தலைவருக்குக் கீழே வேலை பார்த்தார். நீதிபதி பகுதிநேரம். நகர மேலாளர் பரிந்துரைப்பார், நகர மன்றம் தேர்ந்தெடுக்கும். 2012இல் அந்த நீதிபதியை மீண்டும் நியமிக்கும் பேச்சு வந்தபோது, அவர் சாட்சியத்தைச் சரியாகக் கேட்பதில்லை என்று ஒரு மன்ற உறுப்பினர் எதிர்த்தார். குறைகள் இருப்பதை நகர மேலாளர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் நீதிமன்றத்தின் வேகமோ அபராத வரவோ குறைவதைத் தாங்க நகரத்தால் முடியாது என்று பதில் எழுதினார். நீதிபதி தொடர்ந்தார். மாதத்துக்கு மூன்று நான்கு அமர்வுகள். ஒரே அமர்வில் 1,200 முதல் 1,500 குற்றச்சாட்டுகள். ஒருவர் தரப்பைக் கேட்க அங்கே எத்தனை விநாடி மிஞ்சும்?

அபராதத் தொகைகளையும் பாருங்கள். சாலையில் நடந்த விதம் சரியில்லை என்பதற்கு 302 டாலர். வீட்டு முற்றத்தில் புல் வளர்ந்துவிட்டதற்கு 531 டாலர். இவை அறிக்கையில் உள்ள உண்மையான வழக்குகள். ‘நடந்த விதம்’ என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டவர்களில் 95 சதவீதம் கறுப்பினத்தவர். ஊரின் மக்கள்தொகையில் அவர்கள் 67 சதவீதம்.

அங்கே ஏழையை உண்மையில் முறித்தது இந்த முதல் அபராதம் கிடையாது. அதற்குப் பிறகு வந்த சங்கிலி. டிக்கெட்டில் எவ்வளவு கட்ட வேண்டும், நேரில் வர வேண்டுமா என்பதுகூடப் பல நேரம் இருக்காது; நீதிமன்றத் தேதியே தவறாக எழுதப்பட்டதும் உண்டு. கையில் பணம் இல்லாதவர், போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து போகமாட்டார். ஆஜராகாதது அப்போது தனிக் குற்றம். அதற்குத் தனி அபராதம், தனிக் கட்டணம், கூடவே பிடிவாரண்டு. ஓட்டுநர் உரிமமும் முடங்கும், முழுப் பணம் கட்டும்வரை மீளாது. பேருந்து சரியாக இல்லாத ஊரில் கார் ஓட்டாமல் வேலைக்குப் போக வழியில்லை. ஓட்டினால் அடுத்த டிக்கெட்.

2007இல் ஒரு பெண் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு டிக்கெட், 151 டாலர் அபராதம், மேலே கட்டணங்கள். சில காலம் வீடே இல்லாமல் இருந்தவர் அவர். 2007க்கும் 2010க்கும் இடையில் ஆஜராகவில்லை என்று ஏழு முறை குற்றம் சுமத்தினார்கள். இரண்டு முறை கைதாகி, மொத்தம் ஆறு நாள் சிறையில் இருந்தார். ஒருமுறை 25 டாலரும் ஒருமுறை 50 டாலரும் கட்டப் பார்த்தார். முழுத்தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பிவிட்டது. 2014 டிசம்பருக்குள் 550 டாலர் கட்டியிருந்தார். அப்போதும் பாக்கி 541 டாலர்.

அதே டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் நிலுவைப் பிடிவாரண்டுகளில் பெயர் இருந்தவர்கள் 16,000 பேருக்கு மேல். வெளியூர்க்காரர்களும் இதில் உண்டு என்றாலும், 21,000 பேர் வாழ்ந்த ஊருக்கு இது என்ன எண்ணிக்கை! இந்த நிலையில் தெருவில் போலீஸ் வண்டியைக் கண்டால் ஓடுகிறவர் எல்லாம் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? வீட்டில் திருட்டுப் போனாலும் போலீசைக் கூப்பிடத் தயங்குவார்கள். வருகிறவர் முதலில் வாரண்டைத்தானே பார்ப்பார்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. அபராத வரவுக்கு மிசௌரியில் சட்டப்படி உச்சவரம்பு இருந்தது, அப்போது 30 சதவீதம். ஃபெர்குசன் அதைத் தாண்டவே இல்லை. வரம்புக்குள் இருந்துகொண்டே இவ்வளவும் செய்தார்கள். ஒவ்வொரு நகரத்திலும் யாரை எத்தனை முறை நிறுத்தினார்கள் என்ற புள்ளிவிவரத்தை 2000ஆம் ஆண்டிலிருந்தே மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிட்டும் வந்தது. இன வித்தியாசம் அதில் பளிச்சென்று தெரிந்தது. தகவல் இல்லாமல் போனதால் வந்த கேடு அல்ல இது. நகர மன்றக் கூட்டத்தில் யாரும் எழுந்து அதைக் கேட்காததால் வந்த கேடு.

அறிக்கை வெளியான ஒரே வாரத்தில் நீதிபதி, நகர மேலாளர், போலீஸ் தலைவர் மூவரும் பதவி விலகினார்கள். 2015 ஜூலையில் மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. வரம்பு 20 சதவீதமாகவும் செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் 12.5 சதவீதமாகவும் இறங்கியது. ஒரு கவுண்டிக்கு மட்டும் தனி விதி செல்லாது என்று 2017இல் மாநில உச்சநீதிமன்றம் சொன்னதால் எல்லோருக்கும் 20 என்றானது. முதல் சட்டம் போக்குவரத்து அபராதத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. புல்லுக்கும் வேலிக்கும் போடும் அபராதங்களைச் சேர்க்க 2016இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஓட்டையை அடைத்தது சரியான வேலை. 2014 முடிவதற்குள் பிறப்பித்த வாரண்டுகளைப் புதிய நீதிபதி 2015 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார். மத்திய அரசுடனான சீர்திருத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றப் பார்த்த நகர மன்றம், வழக்குப் பாய்ந்த பிறகே 2016 மார்ச்சில் இறங்கி வந்தது. பணம் கட்ட முடியாததற்காகச் சிறையில் வைக்கப்பட்டவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2015இல் தொடங்கி, 2024இல்தான் 45 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பாதிக்கப்பட்டோர் 15,000 பேருக்கு மேல்; சராசரியாகத் தலைக்கு 300 டாலர்கூட வராது.

உங்கள் வாசகர்கள் பலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். டிக்கெட் வந்தால், கையில் பணம் இல்லாவிட்டாலும் குறித்த தேதியில் ஆஜராக வேண்டும். கட்ட வசதி இல்லை என்பதை நீதிபதியிடமே சொல்லித் தவணையோ மாற்று ஏற்பாடோ கேட்க வேண்டும். வசதி இருந்தும் கட்ட மறுத்தாரா என்று விசாரிக்காமல், அபராதம் கட்டாததற்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1983லேயே அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்த முறை அமெரிக்க நகரம் ஒன்றின் போலீஸ் பற்றி நீங்கள் எழுதும்போது நான்கு விவரங்களையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: அந்த நகரத்தின் மொத்த வரவில் அபராதத்தின் பங்கு ஐந்து ஆண்டுகளில் எப்படி மாறியது, நிலுவையில் உள்ள பிடிவாரண்டுகள் எத்தனை, ஒரு நிறுத்தத்துக்குச் சராசரியாக எத்தனை டிக்கெட் எழுதுகிறார்கள், நீதிமன்ற எழுத்தர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார். நான்கும் பொது ஆவணங்கள். மிசௌரியில் எழுதிக் கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்