செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை – 2025 ஜூன்

நம் தமிழ்ப் பெற்றோர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் போகும். வந்தவர்களைவிட அவர்கள்தான் அதிகம் என்பதால் அவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வழமையான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். வாணி விழா ஒக்டோபரில் நடந்தது. பொங்கல் விழா ஜனவரியில் நடந்தது. விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு கிழமை பிந்தியது. ஆண்டு 12 பிள்ளைகளுக்கான வழிகாட்டல் கூட்டம் பயனுள்ளதாக இருந்ததாகச் சொன்னார்கள். செயற்குழு யாப்பின்படி கூட வேண்டிய அளவுக்குக் கூடியது. போதிய ஆட்கள் (கோரம்) இல்லாமல் கலைந்த கூட்டங்களை நான் இதில் சேர்க்கவில்லை.

இனி சகோதரிப் பாடசாலை விடயம்.

போன பொதுக்கூட்டத்தில் ஓர் அண்ணை எழும்பி, "தமிழ்ப் பெற்றோர் சங்கத்துக்கும் சீனாவில் இருக்கிற பாடசாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நேரம் போய்விட்டது என்று அந்தக் கேள்வி அப்படியே விடப்பட்டது. அதன்பிறகு அதே கேள்வியைப் பலர் பல விதமாக, பெரும்பாலும் என் காதில் விழும் தூரத்தில், கேட்டிருக்கிறார்கள். ஆகவே பதிலை எழுத்திலேயே தருகிறேன்.

நம் பிள்ளைகள் படிப்பது மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஓர் அரசாங்கப் பாடசாலையில். அங்கே இரண்டாம் மொழி சீனம். சனிக்கிழமை தமிழ், மற்ற நாட்களில் சீனம் என்றுதான் நம் வீட்டுப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தப் பாடசாலைக்கு ஜியாங்சு மாகாணத்தின் தலைநகரான நான்ஜிங்கில் ஒரு சகோதரிப் பாடசாலை உண்டு. ஜியாங்சு ஏன் என்றால், நம் மாநிலமான விக்டோரியாவும் ஜியாங்சுவும் 1979 முதல் சகோதரி மாநிலங்கள். அவுஸ்திரேலியாவின் விட்லம் அரசு பெய்ஜிங்கை அங்கீகரித்தது 1972 டிசம்பரில். ஏழு வருடத்துக்குள் விக்டோரியா ஜியாங்சுவோடும் நியூ சவுத் வேல்ஸ் குவாங்டொங்கோடும் கைகோத்துவிட்டன. மெல்பேர்ண் நகரம் 1980இல் தியென்சினோடு சேர்ந்தது. அந்தப் பழைய உறவின் நிழலில்தான் இங்குள்ள பாடசாலைகள் பல அங்கே ஜோடி தேடின.

ஒப்பந்தம் எழுதுவது சுலபம். இரண்டு அதிபர்கள், இரண்டு கொடிகள், ஒரு படம். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. இப்படிப்பட்ட உறவுகள் பெரும்பாலும் சண்டையில் முறிவதில்லை. அங்கே அதிபர் மாறுவார், இங்கே சீனம் படிப்பிக்கிற ஆசிரியை வேறு பாடசாலைக்குப் போவார், வீச்சாட் என்ற சீனச் செயலியில் வந்துகொண்டிருந்த வணக்கங்கள் ஒரு சீனப் புத்தாண்டோடு நின்றுபோகும். ஒரேயொரு ஆசிரியரின் தோளில் எல்லாம் தொங்குவதுதான் காரணம். நம் பாடசாலையிலும் அதுதான் நடக்கவிருந்தது. 2020 மார்ச்சில் அவுஸ்திரேலியா எல்லையை மூடியது, சீனா 2023 ஜனவரி வரை திறக்கவில்லை. நடுவில் அவுஸ்திரேலிய பார்லிக்கும் வைனுக்கும் சீனா வரி போட்டது. 2021 ஏப்ரலில் சீனாவின் பட்டை-பாதைத் திட்டத்தில் விக்டோரியா செய்திருந்த ஒப்பந்தத்தை கன்பராவிலுள்ள மத்திய அரசு இரத்துச் செய்தது. பார்லி வரி 2023 ஓகஸ்டிலும் வைன் வரி 2024 மார்ச்சிலும் நீங்கிய பிறகு அரசாங்கங்கள் மறுபடி சிரித்துப் பேசின. ஆனால் பாடசாலையில் அந்த உறவைத் தெரிந்த ஆசிரியர் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. பெற்றோர் அமைப்புகளிடம் உதவி கேட்டார்கள். இங்குள்ள சீனப் பெற்றோர் உடனே ஒத்துக்கொண்டார்கள். நம் சார்பில் நான் ஒத்துக்கொண்டேன். செயற்குழுவைக் கேட்காமல் ஒத்துக்கொண்டேன் என்று சொல்பவர்கள் அதைப் பேசிய கூட்டத்துக்கு வராதவர்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். "இது பெய்ஜிங் பிரசாரத்துக்கு வாசல் திறப்பதல்லவா?" என்று கேட்டவர்கள் சீன அரசின் ஆதரவில் பாடசாலைகளில் சீனம் படிப்பிக்கும் கன்பூசியஸ் வகுப்பறைகளை நினைத்துக் கேட்டிருப்பார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2019இல் 13 பாடசாலைகளில் அதை நிறுத்த முடிவெடுத்தது உண்மை. வெளிநாட்டு அரசு நியமித்தவர்கள் கல்வித் திணைக்களத்துக்குள்ளேயே அமர்ந்திருப்பது பொருத்தமில்லை என்பது அங்கே காரணம். நமது ஏற்பாட்டில் அங்கிருந்து ஆசிரியர் சம்பளமும் வருவதில்லை, பாடப்புத்தகமும் வருவதில்லை. பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தச் செயலியிலும் போடக்கூடாது என்ற விதியை நான்தான் எழுதி வைத்தேன்.

சரி, இந்த ஆண்டில் என்ன நடந்தது?

2024 ஜூலைக் கடைசியில் நான்ஜிங் பிள்ளைகள் ஆசிரியர்களோடு வந்தார்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை, நமக்கு மூன்றாம் தவணை. அவர்கள் இங்கே வகுப்பில் உட்காரக்கூடிய நல்ல காலம் அது ஒன்றுதான். நான்ஜிங்கைச் சீனாவின் அடுப்புகளில் ஒன்று என்று அவர்களே சொல்வார்கள். 35 பாகைக்கு மேல் வெயிலில் விமானம் ஏறிய பிள்ளைகள் மெல்பேர்ண் குளிர்காலத்தின் விடியற்காலையில் மெல்லிய மேலங்கிகளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் பக்கத்துச் சூசோ நகரத்தின் எம்ப்ரொய்டரி ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அன்பளிப்பாகத் தந்தார்கள். அது இப்போது பாடசாலை அலுவலகத்தில் தொங்குகிறது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதற்கு முந்திய பொதுக்கூட்டத்தில் விருந்தினரை வீட்டில் வைத்திருக்க யார் தயார் என்று கேட்டபோது கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அப்புறம் விதிகள் மின்னஞ்சலில் போயின. வீட்டிலிருக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான சரிபார்ப்பு அட்டை வேண்டும். தொண்டர்களுக்கு அது இலவசம், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த மின்னஞ்சல் போன கிழமையிலிருந்து ஒருவருக்கு வீடு திருத்த வேலை, ஒருவருக்கு அம்மம்மா ஊரிலிருந்து வருகிறா, இன்னொருவருக்கு அந்தக் கிழமை மட்டும் இரவு வேலை. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கழன்றுவிட்டன. விமானம் வருவதற்கு முதல் நாள் இரவும் நான் தொலைபேசியில் வீடு தேடிக்கொண்டிருந்தேன். மிச்சப் பிள்ளைகளைச் சீனப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய செயலாளர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை நம் அங்கத்தவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

வைத்திருந்த வீடுகளில் ஒரு குறையும் வரவில்லை. ஒரு வீட்டில் சோறு சாப்பிட்ட பிள்ளை சொதியை மட்டும் தனியாக கோப்பையில் கேட்டுக் குடித்ததாம்.

சுடுதண்ணீர் விடயத்தையும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் கணக்கில் கேள்வி வரும். சீனப் பிள்ளைகள் எல்லோரும் போத்தலில் சுடுதண்ணீர் குடித்துப் பழகியவர்கள். நம் பாடசாலைக் குழாயில் ஜூலை மாதத்தில் வருவது பனிக்கட்டி உருகிய மாதிரி. முதல் நாளே இரண்டு பேருக்குத் தொண்டை பிடித்தது. அன்று மாலையே மின்சாரத்தில் ஓடும் பெரிய சுடுதண்ணீர்க் கலன் ஒன்று வாங்கினேன். முன் அனுமதி இல்லாமல் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அதே கலனில்தான் பொங்கல் விழாவுக்குத் தேநீர் போட்டார்கள் என்பதையும் குறிப்பில் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது மாதாந்தக் காணொளி வகுப்பு. இதை என்னுடைய திட்டம் என்று சிலர் கிண்டலாகச் சொல்கிறார்கள். ஆம், என்னுடையதுதான். ஆட்கள் வருவதும் போவதும் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு; வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது இது ஒன்றுதான். கேட்டால் சின்ன வேலை போல இருக்கும். மெல்பேர்ணுக்கும் நான்ஜிங்குக்கும் குளிர்காலத்தில் இரண்டு மணித்தியால வித்தியாசம். ஒக்டோபர் முதல் ஞாயிறு நாம் கடிகாரத்தை மாற்றுவோம், அவர்கள் மாற்றுவதில்லை, மூன்று மணித்தியாலமாகிவிடும். அவர்களுக்குக் காலையில் நடுவே முழுப் பாடசாலையும் மைதானத்தில் நின்று செய்யும் உடற்பயிற்சி. மதியம் சாப்பிட்டதும் தூக்கம். நமக்கு மூன்றேகாலுக்குப் பிறகு ஆளில்லை. இவற்றுக்கிடையில் ஒரு பாடவேளையைக் கண்டுபிடித்தால், அங்கே ஒக்டோபர் முதல் கிழமை தேசிய தின விடுமுறை, ஜனவரியில் தவணைப் பரீட்சை, பிறகு சீனப் புத்தாண்டான வசந்த விழா, ஜூனில் உயர்வகுப்பு நுழைவுப் பரீட்சைகளுக்காகப் பாடசாலையே மூச்சடக்கிக் கிடக்கும். நம் பக்கம் டிசம்பரும் ஜனவரியும் போய்விடும். கழித்துப் பார்த்தால் வருடத்தில் பாதிதான் மிஞ்சும்.

கூகிளும் யூடியூப்பும் அங்கே திறக்காது. இங்குள்ள ஆசிரியர்கள் தயாரித்ததெல்லாம் கூகிளில். அதை மாற்றி அனுப்புவதற்கு ஒரு பெற்றோர் தேவைப்பட்டார், நான்தான் கிடைத்தேன். அங்கே ஒரு வகுப்பில் 45, 50 பிள்ளைகள், இங்கே 25. ஆளுக்கு ஆள் ஜோடி சேர்க்க முடியாதென்று முதலில் கைவிட்டிருந்தார்கள். இங்கிருந்து ஒருவருக்கு அங்கிருந்து இருவர் என்று மாற்றினேன். அது எதிர்பாராத நன்மையைத் தந்தது: ஒருவர் வெட்கப்பட்டால் மற்றவர் பேசினார். "என் நாடு" என்ற தலைப்பு கொடுத்த நாளில் இரண்டு பக்கமும் கங்காருவும் பெருஞ்சுவரும் வந்து முடிந்தது. "நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது?" என்று மாற்றிய பிறகு மணி அடித்தும் நிறுத்த முடியவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள், கூட ஒரு பெற்றோர் என்று இப்போது ஏற்பாடு. யார் மாறிப்போனாலும் நூல் அறாது. நானும் மாறிப்போகலாம் என்பதை நினைத்தே செய்தேன்.

இந்த வகுப்புகளை மேற்பார்க்கப் பெற்றோர் முறை வைத்துப் பட்டியல் போட்டிருந்தோம். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தவர்களில் வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்களின் முறைக்கு யார் போனார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செப்டெம்பர் விடுமுறையில் நம் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போகிறார்கள். தேசிய தின விடுமுறை தொடங்குவதற்குள் அங்கே பாடசாலை நாட்கள் கிடைக்க வேண்டும் என்பதால் நாட்கள் இறுக்கமானவை. ஷங்காய் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயில். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு 2024 ஜூலை முதல் சீனாவில் விசா தேவையில்லை. முதலில் 15 நாள், நவம்பர் கடைசியில் 30 நாள் ஆக்கினார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கோ இன்றும் ஒவ்வொருவருக்கும் தனி விசா. அரசாங்கத்தின் பயண அறிவுரை சீனாவுக்கு "அதிக அவதானம்" என்ற படியில் இருக்கிறது. அது மேலே போனால் பயணம் நிற்கும் என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொண்டே முற்பணம் கட்டியிருக்கிறார்கள். மாணவர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்ப அவுஸ்திரேலிய அரசு காசு கொடுக்கும் புதிய கொழும்புத் திட்டத்தில் காசு எடுக்கலாமே என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். பெயரில் கொழும்பு இருந்தாலும் அது பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும்.

நிகழ்ச்சி நிரலில், 1937இல் ஜப்பானியப் படை நான்ஜிங்கில் நடத்திய படுகொலையின் நினைவு மண்டபம் இருப்பதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு இது தேவையா என்று சில பெற்றோர் கேட்டார்கள். கட்டாயமில்லை என்று பாடசாலை எழுதிவிட்டது. இலங்கையின் 83ஐயும் 2009ஐயும் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களையே கேளுங்கள் என்பது என் கருத்து. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு விபரம் பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. சுடுதண்ணீர்க் கலனும் அதற்குள் அடக்கம். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. அதற்குக் காரணம் நான்ஜிங் அல்ல, சந்தா. இரண்டு வருடச் சந்தா நிலுவையில் இருப்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது. சீனப் பள்ளிக்கு ஏன் செலவு என்று கேட்டவர்களின் பெயர்களும் அதில் உண்டு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பாடசாலை அதிபர், சீன மொழி ஆசிரியைகள், சீனப் பெற்றோர் குழுவினர், மண்டபம் தந்தவர்கள், சமைத்தவர்கள், வாகனம் ஓட்டியவர்கள், கதிரை அடுக்கியவர்கள் எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2026 ஜூலையில் நான்ஜிங்கிலிருந்து மறுபடி வருகிறார்கள். செப்டெம்பரில் நம் பிள்ளைகளை அவர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருக்கப் போகிறார்கள். அநேகமாக சின்ன அடுக்குமாடி வீடுகள், தாத்தா பாட்டியும் கூடவே. அங்கே இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நமக்கு ஒரு அறை, ஒரு கட்டில், சரிபார்ப்பு அட்டை போதும். அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்தால் ஜூலைக்கு முதல் நாள் ஓடத் தேவையில்லை. காணொளி வகுப்புக்கு ஒரு மாதத்துக்கு ஒரு பாடவேளை தரக்கூடிய இரண்டு பேரும் தேவை. சீனம் தெரிய வேண்டியதில்லை.

செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் எல்லாக் கோப்புகளையும் கையளிக்க நான் ஆயத்தம். வேட்புமனு இதுவரை ஒன்றும் வரவில்லை. யாப்பின்படி நான் இன்னும் ஓராண்டு நிற்கலாம் என்று சொல்கிறார்கள். வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன். படிவங்கள் வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சந்தா கட்டும் வங்கி இலக்கமும் அதே தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

செயலாளர்