முன்பணத்துக்கு முன்பே உதவித்தொகை முடிவு தேவை

ஆசிரியருக்கு,

சேலத்திலும் ஏற்காட்டிலும் விடுதியோடு பகல்நேர வகுப்பும் நடத்தும் தனியார் பள்ளிகள் பல உள்ளன. ஏற்காடு மான்ஃபோர்ட் 1917 முதல் நடக்கிறது. சேர்க்கை விளம்பரங்களில் மைதானமும் ஆய்வகமும் தவறாமல் இடம்பெறுகின்றன. கட்டணச் சலுகை யாருக்கு, எவ்வளவு என்பது மட்டும் பலவற்றில் இருப்பதில்லை.

இடத்தை உறுதிசெய்ய முதலில் பணம் கட்டச் சொல்கிறார்கள். சலுகை கிடைக்குமா என்பது பிறகுதான் தெரிகிறது. கிடைத்தாலும் படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் சேர்த்தா என்பதில் தெளிவில்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவரோ, சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலியை நம்பியிருப்பவரோ அந்த முன்பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட முடியும்.

கல்வி உரிமைச் சட்டம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்கள் தொடக்க வகுப்புச் சேர்க்கைக்கு உரியவை. அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2012-இலேயே உச்ச நீதிமன்றம் விலக்களித்துவிட்டது. ஆறாம் வகுப்பில் சேர வரும் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி தரும் உதவித்தொகைதான் பெரும்பாலும் வழி. ஆகவே பள்ளி நிர்வாகங்களே, விண்ணப்பப் படிவத்துடனேயே உதவித்தொகைப் படிவத்தையும் தாருங்கள். வருமானச் சான்றைப் பார்த்து, முன்பணம் கட்டும் தேதிக்கு முன்பே முடிவைச் சொல்லுங்கள்.

பட்டியலின மாணவர்கள் 9, 11-ஆம் வகுப்புகளில் சிபிஎஸ்இ விடுதிப் பள்ளிகளில் சேர மத்திய அரசின் ‘ஸ்ரேஷ்டா’ திட்டம் உள்ளது. பள்ளிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதை இ-சேவை மையங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் மாவட்ட நிர்வாகம் ஒட்டி வைக்க வேண்டும்.

ஒரு பெற்றோர்,
அம்மாப்பேட்டை, சேலம்.