மருந்து கேட்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "திராட்சை இலை வெள்ளையா ஆயிடுச்சு, மருந்து குடுங்க." முன்பெல்லாம் கொடுத்துவிடுவோம். ஒருமுறை தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் போனில் சொன்னதை மட்டும் கேட்டுக் கந்தகத் தூள் அனுப்பினோம். அவர் கொடியில் இருந்ததோ அடிச்சாம்பல், அதாவது இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும் வேறொரு நோய். கந்தகம் அதற்குக் கேட்காது. இரண்டு வாரத்தில் பந்தல் மொட்டை. தப்பு எங்களுடையது.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் முதலில் ஈரத் துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள். அடியில் பளிச்சென்று பச்சை தெரிந்தால் அது காற்றில் வந்த தூசி, சாம்பல். தண்ணீர் போதும். காசிமேட்டில் கடலைப் பார்த்த மாடிகளில் இலை ஓரம் மட்டும் கருகினால், பெரும்பாலும் உப்புக் காற்றின் வேலை.

துடைத்த இடத்தில் பழுப்புக் கறை இருந்து, சில நாளில் மறுபடி மாவு பூத்தால் அது சாம்பல் நோய். இலையின் இரண்டு பக்கமும் வரும். காயில் வந்தால் காய் வெடிக்கும். இதற்கு மழை வேண்டாம், மார்கழி, தை மாதத்துக் குளிரும் மூட்டமும் போதும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், காலையில் தெளியுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வேண்டாம், இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

அடிச்சாம்பல்தான் ஐப்பசி, கார்த்திகை மழையின் பிள்ளை. இலை மேலே எண்ணெய் சொட்டியதுபோல் மஞ்சள் திட்டு. திருப்பினால் அதே இடத்துக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு. பன்னீர் திராட்சையில் சீக்கிரம் பரவும். இதற்குப் போர்டோ கலவை. பிரான்சில் 1880-களில் இதே நோய்க்காகக் கண்டுபிடித்தது, இன்றும் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் வாளிகளில் அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இன்னொரு அரை லிட்டரில் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும், மறுநாளுக்கு உதவாது. இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்தும் பயனில்லை.

எந்த மருந்தானாலும் முகத்தில் துணி, கையில் உறை. பழுக்கத் தொடங்கிய குலைமேல் அடிக்காதீர்கள்.

எங்களைக் கேட்டால் மருந்தைவிடக் கத்தரிக்கோல் மேல் என்போம். இடம் இல்லையென்று துணிக்கொடியையும் திராட்சைக்கொடியையும் ஒரே பந்தலில் நெருக்கினால் காற்று எங்கே போகும்? நெருக்கமான தளிரைக் கழியுங்கள், விழுந்த இலையைப் பொறுக்கி அகற்றுங்கள் (மாடியில் உரம் செய்கிற தொட்டியில் போட வேண்டாம்), தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள்.

அப்புறமும் சந்தேகம் என்றால் இரண்டு இலையைச் செய்தித்தாளில் மடித்து எடுத்து வாருங்கள். பாலித்தீன் கவரில் வியர்த்துப்போய் வந்தால் எங்களாலும் எதுவும் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்லக் காசு கிடையாது.

இப்படிக்கு,
கொடுங்கையூர் விதை, செடிக் கடையினர்